ஜெபக் குறிப்பு தொலையாமல், வெளியே கசியாமல்: சபை வாட்ஸ்அப் குழு நடத்தும் முறை

காலை ஐந்தரை மணிக்கே தொடங்கிவிடும். சூரிய உதயப் படத்தின் மேல் ஒரு வசனம், ரோஜாப்பூவின் மேல் ஒரு வசனம், எங்கோ நடந்த கன்வென்ஷனின் நாற்பது நிமிட வீடியோ, கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். எட்டு மணிக்குள் அறுபது செய்தி சேர்ந்துவிடும். அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா, 'அம்மாவுக்கு ராத்திரியிலிருந்து மூச்சுத்திணறல், ஜெபம் பண்ணுங்க' என்று போட்ட ஒற்றை வரி அந்த அறுபதுக்குள் எங்கோ மேலே போயிருக்கும். பார்த்தவர்களும் 'ஆமென்' போட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கிடைத்ததா என்று கேட்க ஆளிருக்காது.

சேலத்திலும் ஏற்காட்டிலும் வாட்ஸ்அப் குழு இல்லாத சபையோ அன்பியமோ (கத்தோலிக்கப் பங்கின் சிறு குழு) வாலிபர் ஐக்கியமோ இப்போது அரிது. அவற்றை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். அந்த ஒற்றை வரி தொலையக் கூடாது, வேண்டாதவர் காதுக்குக் கசியவும் கூடாது. கீழே சொல்லும் ஏற்பாடெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில் குழுவைப் பிரித்துவிடுங்கள்

ஆராதனை நேரம், வசனப்படம், பிறந்தநாள் வாழ்த்து, வியாதியஸ்தரின் பெயர் எல்லாம் ஒரே குழுவில் ஓடுவதுதான் முதல் சிக்கல். மூன்றாகப் பிரித்தால் போதும்.

ஒன்று, அறிவிப்புக் குழு. சபையார் எல்லோரும் இதில் இருக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை இடமுண்டு. குழுவின் பெயரைத் தொட்டு, அனுமதிகள் பகுதிக்குள் போய், செய்தி அனுப்புவதை 'அட்மின்கள் மட்டும்' என்று மாற்றுங்கள். ஆராதனை நேரம், கூட்டம் மாறிய செய்தி, மரணச் செய்தி இவை மட்டும் இதில் வரட்டும். நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் போனால் ஆட்கள் ஒலியை அணைத்துவிடுவார்கள். பிறகு மரணச் செய்தியும் அவர்களை எட்டாது.

இரண்டு, ஐக்கியக் குழு. வாழ்த்து, வசனப்படம், பாட்டு எல்லாம் இங்கே. இந்தக் குழுவை வேண்டாம் என்று நினைக்காதீர்கள். போட ஓரிடம் இல்லையென்றால் அவை மற்ற குழுக்களுக்குள் வந்து விழும்.

மூன்று, ஜெபக் குழு. இது சிறியதாக இருக்க வேண்டும்: எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். பாதிக்குக் குறையாமல் பெண்கள். செவ்வாய்ப்பேட்டை, அஸ்தம்பட்டி, சூரமங்கலம், கொண்டலாம்பட்டி என்று சபையார் எந்தெந்தப் பகுதியில் இருக்கிறார்களோ அங்கெல்லாம் ஒருவராவது இருக்கட்டும். அவசரத்தில் நேரில் போக வேண்டியவர் அவர்தான். உருக்காலையிலோ ரயில்வேயிலோ இரவு ஷிப்ட் பார்க்கும் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. நள்ளிரவு இரண்டு மணிக்கு வரும் செய்தியை அவர் இடைவேளையில் பார்த்துவிடுவார்.

ஜெபக் குழுவில் மறையும் செய்தி வசதியை இயக்கி 7 நாள் என்று வையுங்கள். படங்கள் தானாக கேலரியில் சேர்வதை அவரவர் போனில் நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்கேன் ரிப்போர்ட்டும் குழந்தையின் படமும் வீட்டில் போனை எடுத்து விளையாடும் பிள்ளைகள் கையில் கிடக்கும். வாட்ஸ்அப்பின் மறைகுறியாக்கம் செய்தி வழியில் போகும்போதுதான் காக்கும். வந்து சேர்ந்த பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுப்பவரை எந்தத் தொழில்நுட்பமும் தடுக்காது. ஆகவே ஆள் தேர்விலேயே கவனம் வேண்டும். புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துவான், உண்மையுள்ளவன் காரியத்தை அடக்குவான் என்கிறது நீதிமொழிகள் 11:13. பாடத் தெரிந்தவர், பேசத் தெரிந்தவர் என்று பார்க்காமல், அடக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

யாரையும் கேட்ட பிறகே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவில் சேர்ந்த நிமிடமே அவருடைய எண் எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாத ஆண்களிடமிருந்து 'ஸ்தோத்திரம் சிஸ்டர், எப்படி இருக்கீங்க' என்று தனிச்செய்தி வரத் தொடங்கியதால் குழுவைவிட்டுப் போன பெண்கள் பல சபைகளில் உண்டு. அப்படி ஒரு புகார் வந்தால் 'பிரதர் அன்பாகத்தான் கேட்டிருப்பார்' என்று மூடிவிடாதீர்கள்; அன்றே அவரிடம் பேசுங்கள், மறுபடி நடந்தால் நீக்குங்கள். குழுவில் சேரும் இணைப்பை நோட்டீஸிலோ பேனரிலோ அச்சடிக்காதீர்கள். புதியவரை அட்மின் ஒப்புதலோடு மட்டும் சேர்க்கும் அமைப்பை இயக்குங்கள். சபைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் தியானம் போய்ச்சேர வேண்டுமானால் வாட்ஸ்அப் சேனல் தொடங்கலாம். அதில் பின்தொடர்பவரின் எண் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது.

அட்மின்கள் மூவர் போதும். அதில் ஒருவர் கட்டாயம் பெண். போதகரோ பங்குத்தந்தையோ மட்டும் அட்மினாக இருந்தால், அவர் மாற்றலாகிப் போகும் நாளில் குழு அனாதையாகும். ஒரே அட்மின் வெளியேறினால் வாட்ஸ்அப் தானாகவே யாரோ ஓர் உறுப்பினரை அட்மினாக்கிவிடும். அது யாராகவும் இருக்கலாம்.

ஜெபக் குறிப்பைக் கையாளும் விதம்

ஜெபக் குறிப்பு நேராகக் குழுவில் விழக் கூடாது. இரண்டு எண்களை ஆலயத்திலேயே சொல்லிவிடுங்கள், ஒன்று ஆணுடையது, ஒன்று பெண்ணுடையது. குறிப்பு அவர்களுக்கு வரட்டும். வந்ததும் அவர்கள் திரும்பக் கூப்பிட வேண்டும். எழுதிப் பதில் போடுவது போதாது. எழுத்தில் 'முடியல' என்று இருப்பது காய்ச்சலா, கடன் தொல்லையா, வாழவே முடியவில்லை என்கிறாரா என்பது குரலைக் கேட்டால்தான் தெரியும்.

அந்தப் பேச்சில் கேட்க வேண்டியவை: யாருக்காக ஜெபம், அவருக்கு இது தெரியுமா? பெயரைச் சொல்லலாமா? எவ்வளவு விவரம் சொல்லலாம்? ஜெபம் தவிர இன்றைக்கே என்ன உதவி வேண்டும்? 'அவருக்கு இது தெரியுமா' என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. மருமகளுக்குக் குழந்தை தங்கவில்லை என்று மாமியார் பாரத்தோடு கேட்பார். மருமகளைக் கேட்டிருக்க மாட்டார். அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் நான்கு பேர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வார்கள். அதற்கடுத்த ஞாயிறு அவள் ஆலயத்துக்கு வரமாட்டாள். யாருடைய காரியமோ அவருடைய சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்க முடியாத நிலையில், 'நம் சகோதரி ஒருவருக்காக' என்றால் போதும். யாரென்று கர்த்தருக்குத் தெரியும்.

குறிப்பை எழுதும்போது இந்த அளவு போதுமானது:

'ஜெபக் குறிப்பு. 14ஆம் தேதி, செவ்வாய். சூரமங்கலத்தில் நம் சகோதரி ஒருவருக்கு நாளை காலை அறுவை சிகிச்சை. அவர் பயம் நீங்கவும், மருத்துவர்களுக்காகவும் ஜெபிப்போம். வெள்ளிக்கிழமை வரை. பகல் சாப்பாடு கொண்டுபோக ஒருவர் வேண்டும். முடிந்தவர் எனக்குத் தனியாகச் சொல்லவும்.'

தேதி இருக்கிறது, எதுவரை என்று இருக்கிறது, செய்ய ஒரு வேலையும் இருக்கிறது. நோயின் பெயர், ஆஸ்பத்திரி வார்டு எண், ரிப்போர்ட் படம் எதுவும் இல்லை. தேதி இல்லாத குறிப்பு மாதக்கணக்கில் சுற்றும். இறந்துபோனவரின் சுகத்துக்காக ஆறு மாதம் கழித்தும் ஜெபக் குறிப்பு வருவதைக் கண்ட குடும்பங்களின் வலி பெரிது.

சிலவற்றை எந்தக் குழுவிலும் போடவே கூடாது. பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையின் பெயர், படம், பள்ளி, தெரு, பெற்றோர் பெயர், இப்படி அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடுக்கிறது. ஜெபத்துக்காகப் போட்டோம் என்பதற்கு அதில் விலக்கு இல்லை. அப்படிப்பட்ட செய்தி வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்வதுதான் கடமை. குற்றம் தெரிந்தும் சொல்லாமல் விடுவதும் அதே சட்டப்படி குற்றம். குடும்ப மானம், சபையின் பெயர் என்று 'ஜெபித்து முடித்துவைக்க' யாருக்கும் அதிகாரம் கிடையாது.

கணவன் அடிக்கிறார் என்று ஒரு பெண் எழுதினால் எழுத்தில் பதில் போடாதீர்கள். பல வீடுகளில் போன் பொதுவானது. உங்கள் பதிலை முதலில் படிப்பது அந்தக் கணவராகவே இருக்கலாம். ஆலயத்திலோ பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலோ தனியே பேசி, 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொல்லிக்கொடுங்கள். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்ற பொருளில் யாராவது எழுதினால் வசனம் அனுப்புவது அந்த நேரத்து வேலை ஆகாது. உடனே கூப்பிடுங்கள், பேச்சை நீட்டுங்கள், அதே நேரத்தில் அந்தப் பகுதியில் இருப்பவரை அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். இரவும் பகலும் பேசக்கூடிய மனநல உதவி எண் 14416. ஆபத்து கண்முன்னே என்றால் அவசர உதவி எண் 112.

'ஆமென்' போடுவது பற்றி: போடட்டும், தவறில்லை. ஆனால் ஜெபக் குழுவில் அதற்குப் பதில் ஒரு ஒழுங்கு வையுங்கள். குறிப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் ஒருவர் அந்த வீட்டோடு பேச வேண்டும். யார் பேசுவது என்பதை அவரே 'நான் பேசுகிறேன்' என்று எழுதி எடுத்துக்கொள்ளட்டும்; யாரும் எடுக்காவிட்டால் அட்மின் பெயர் சொல்லி ஒப்படைக்கட்டும். மூன்றாம் நாள் நிலைமை என்ன என்று ஒரு வரி. சுகமானால் அதையும் சொல்லுங்கள். கேட்டதை மட்டும் போட்டு, கிடைத்ததைச் சொல்லாமல் விட்டால் ஜெபிப்பவர்கள் சோர்ந்துபோவார்கள். சுகமாகவில்லை, மரித்துவிட்டார் என்றாலும் சொல்லத்தான் வேண்டும். 'விசுவாசம் குறைந்ததோ' என்ற பேச்சு அந்தக் குழுவில் ஒருமுறை எழுந்தாலும் அட்மின் உடனே அதை அழித்துவிட்டு, எழுதியவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். துக்க வீட்டுக்கு வாக்குத்தத்த வசனப்படம் அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான்.

மலைக்குப் போகும் வார்த்தை

சேலத்துச் சபைக்குச் சரிப்படுவது ஏற்காட்டில் அப்படியே சரிப்படாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் ஊருக்குள் சிக்னல் கிடைக்கும். காப்பித் தோட்டத்துக்குள் இறங்கினால் ஒரு கோடு வரும், போகும். பழம் பறிக்கும் பருவத்தில் ஆட்கள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். காலை வசனம் அவர்களை எட்டுவது சாயங்காலம் லைனுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, திரும்பிய பிறகுதான். அதனால் மலைப் பகுதிக்கான செய்தியை இரவு ஏழு மணிக்கு மேல் அனுப்புங்கள், குரலில் அனுப்புங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பாட்டிகளும் குரலைக் கேட்பார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் முடியுங்கள்: வசனம் எங்கே இருக்கிறது, வசனம், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது, ஒரு ஜெபம்.

'முன்னும் பின்னும்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற பிலிப்பியர் 4:13 பரீட்சைக் காலத்தில் எல்லா ஸ்டேட்டஸிலும் இருக்கும். அதற்கு முந்தின வசனத்தில், பட்டினியிலும் குறைவிலும் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார் பவுல். எழுதியது காவலில் இருந்தபோது. அதையும் சேர்த்துச் சொன்னால், மார்க் குறைந்த பிள்ளைக்கும் அந்த வசனம் துணையாக நிற்கும்.

ஞாயிறு பிரசங்கத்தை வீடியோவாக நேரலை செய்ய நினைப்பவர்கள் கணக்கைப் பாருங்கள். 720பி தரத்தில் யூடியூப் நேரலைக்கு நொடிக்கு 4 மெகாபிட் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜி.பி. தினம் ஒன்றரை ஜி.பி. ரீசார்ஜில் அது அடங்காது, மலையில் அந்த வேகமும் நிலையாக இருக்காது. ஒலியை மட்டும் மோனோவில், 64 கிலோபிட் தரத்தில் பதிந்தால் இருபது நிமிடப் பிரசங்கம் 10 எம்.பி.க்குள் முடியும், தோட்டத்து லைனிலும் இறங்கும். பதியும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஸ்பீக்கர் பெட்டியின் பக்கம் வைக்காமல் பிரசங்க மேடை மேலேயே வையுங்கள். ஏரோபிளேன் மோடு போடாவிட்டால் நடுவில் வரும் ஒரே ஒரு அழைப்பு பதிவை அறுத்துவிடும். ஸ்பீக்கர் பக்கம் வைத்தால் எதிரொலியில் வார்த்தை கரைந்துவிடும்.

நேரலை செய்தே ஆக வேண்டும் என்றால், கைப்பேசியிலிருந்து செய்ய சேனலுக்கு 50 சந்தாதாரர் வேண்டும். முதல்முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் ஆகலாம். கிறிஸ்துமஸ் இரவு ஏழு மணிக்கு ஆராதனை என்றால் அன்று மாலை ஆறு மணிக்கு இதைக் கண்டுபிடிப்பது பரிதாபம். காமிராவை மேடை நோக்கியே வையுங்கள், முழங்கால்படியிட்டு அழுகிறவர்களின் பக்கம் திருப்பாதீர்கள். ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது ஒலியை நிறுத்திவிடுங்கள். பழைய கீர்த்தனைகளின் வரிகளுக்கு உரிமைப் பிரச்சினை இல்லை; வேதநாயக சாஸ்திரியார் மறைந்தது 1864இல். ஆனால் அதே கீர்த்தனையின் இன்றைய ஒலிப்பதிவைப் பின்னணியில் ஓட்டினால் பதிவுக்கு உரிமைகோரல் வரும். உங்கள் பாடகர் குழுவே பாடட்டும்.

பணம் கேட்டு வரும் செய்தி

போதகரின் படத்தை வைத்துப் புதிய எண்ணிலிருந்து 'அவசரம், இருபதாயிரம் அனுப்புங்கள், மாலை தருகிறேன்' என்று வருவது இப்போது பழகிய மோசடி. சபையார் எல்லோருக்கும் ஒன்றைப் பழக்குங்கள்: பணம் கேட்டு எழுத்தில் எது வந்தாலும், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேட்ட பிறகே அனுப்புவது. பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

சபையே உதவி திரட்டும்போது தனிநபர் கியூஆர் வேண்டாம், சபைக் கணக்கு மட்டும். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரே வாரத்தில் தொகையை மட்டும் போடுங்கள். கொடுத்தவர் பெயர்ப்பட்டியல் வேண்டாம், வாங்கியவர் படமும் வேண்டாம். அரிசி மூட்டையை நீட்டிக்கொண்டு எல்லோரும் காமிராவைப் பார்க்கும் படம் மத்தேயு 6:3க்கு நேர் எதிரானது. அந்த மூட்டையை வாங்கியவரின் மகள் உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில்தான் படிக்கிறாள். வெளிநாட்டுக் குடிமக்களிடமிருந்து சபைப் பணிக்குப் பணம் பெற எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ கட்டாயம், அது இல்லாமல் குழுவில் வெளிநாட்டு நண்பர்களிடம் கை நீட்டாதீர்கள்.

ஃபார்வர்டு

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அதுபோன்ற நாளில் சபைக் குழு உண்மையான உதவி செய்ய முடியும்: எந்தப் பாதை திறந்திருக்கிறது, யார் வீட்டில் தங்க இடமுண்டு. எங்கோ வேறு மலையில் எடுத்த படத்தை 'இப்போ ஏற்காடு' என்று போட்டால் மேலே பிள்ளைகளை விட்டிருக்கும் தாய் தகப்பன் துடித்துப்போவார்கள். தானே பார்த்ததா, யார் சொன்னது, எத்தனை மணிக்கு, இந்த மூன்றும் இல்லாத செய்தியை அன்று விடாதீர்கள். இரட்டை அம்புக்குறி போட்டு வருவது பலமுறை கைமாறியது; அதை வாட்ஸ்அப்பே ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப விடும். ரத்தம் தேவை என்ற செய்தியானால் அதிலுள்ள எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தேதி சேர்த்து அனுப்புங்கள்.

கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்படுகிறார்கள் என்று வரும் பழைய வீடியோக்கள் இன்னும் கவனம் கேட்பவை. துன்பம் உண்மையாக இருக்கலாம். நாளும் ஊரும் பொய்யாக இருந்தால் அடுத்த வீட்டுக்காரரின் மேல் பொய்ச்சாட்சி சொன்னதாகும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகள் அதை ஒன்பதாம் கட்டளை என்றும் கத்தோலிக்கப் பிள்ளைகள் எட்டாம் கட்டளை என்றும் படிக்கிறார்கள், கட்டளை ஒன்றுதான். தவறான செய்தி போய்விட்டால் இரண்டு நாளுக்குள் எல்லோருக்கும் அழிக்கலாம். அழித்தால் மட்டும் போதாது, 'காலையில் போட்டது தவறு' என்று அதே குழுவில் எழுதவும் வேண்டும்.

உங்கள் ஸ்டேட்டஸைப் பார்ப்பவர் சபையார் மட்டும் அல்லர். கொலுசுப் பட்டறையில் கூட வேலை செய்பவர், தறிக்காரர், பிள்ளையின் டீச்சர் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் ஊரே கூடியிருக்கும் வாரத்தில் விக்கிரகத்தைப் பழிக்கும் வீடியோவைப் போட்டால், நேற்று வரை உங்களிடம் ஜெபிக்கச் சொன்ன பக்கத்து வீட்டு அக்கா இனி சொல்லமாட்டார். நீங்கள் கண்டதை, உங்களுக்குக் கிடைத்ததைச் சொல்லுங்கள். அதுவே சாட்சி.

சண்டை வந்தால்

வரும். குழந்தை ஞானஸ்நானமா முழுக்கா, ஜெபமா செபமா, கர்த்தர் என்பதா ஆண்டவர் என்பதா. லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் ஊழியம் 1827இல் வந்த ஊர் சேலம்; 1930இல் கத்தோலிக்க மறைமாவட்டமும் ஆனது; பெந்தெகொஸ்தே சபைகளும் நிறைய. ஒரே குடும்பத்துக் குழுவிலேயே மூன்றும் இருக்கும். வாதம் மூன்றாவது பதிலைத் தாண்டினால் அட்மின் குழுவை 'அட்மின்கள் மட்டும்' என்று மாற்றி ஓரிரவு விட்டுவைக்கட்டும். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிடட்டும். மத்தேயு 18:15-17 சொல்லும் வரிசை இதுதான்: முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில், பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அதன் பிறகே சபைக்கு. குழுவில் பெயர் சொல்லிக் கண்டிப்பவர் அந்த வரிசையின் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார். ஒருவர் சொல்லாமல் வெளியேறினால் அந்த அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டும் வரும். ஒரு வாரத்துக்குள் நேரில் போய்ப் பாருங்கள், திரும்பச் சேரும்படி கேட்காமல் வெறுமனே பாருங்கள்.

மரணச் செய்திக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தார் சொன்ன பிறகே போடுங்கள். துபாயில் இருக்கும் மகன் தகப்பன் மரித்ததைக் குழுவில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. பெயர், வீடு, அடக்க ஆராதனை நேரம், கல்லறைத் தோட்டம் எது என்பது போதும்; உடலின் படம் வேண்டாம். அடக்கம் முடிந்த பிறகும் மரித்தவரின் எண் குழுவில் இருக்கும். அதை அன்றே நீக்கிவிடாதீர்கள். சில வீடுகளில் மனைவியோ மகளோ அந்தப் போனை எடுத்துக்கொண்டு, அதே பெயரில் காலை வசனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ரீசார்ஜ் நின்று எண் துண்டிக்கப்பட்டால் 90 நாளுக்குப் பிறகு அது வேறொருவருக்குப் போகலாம். அதனால் இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போய், எண்ணை வைத்திருக்கப் போகிறீர்களா, நீக்கட்டுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.